புள்ளியில் அடங்கிய உயிர்

போர்க்களத்திலே வீரன் ஒருவன் வாள்வெட்டுக்கு ஆளாகின்றான். அவன் மாண்டானா, பிழைத்தானா? கதை சொல்பவர் ஒருவரே ஆயின் இவ்வினாவுக்கு விடை கூறுதல் எளிது. கதைக்கு அவ்வீரன் இன்னும் வேண்டியவனாயின் பிழைத்துக்கொள்வான், வேண்டாதவனாயின் மாள்வான். ஆனால், ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தைத் தமதாக்கிக்கொண்டு, எல்லோருமாகக் கூடி ஒரு கதையைச் சொல்லிச் செல்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அந்த முடிவைச் செய்பவர் யார்? தம்முடைய பாத்திரம் மாள்வதற்கு எவர்தாம் எளிதில் உடன்படுவார்? இந்தச் சிக்கலுக்கு விடையாகப் பிறந்ததுதான் உயிரை ஓர் எண்ணாக எழுதிவைக்கும் வழக்கம். அந்த எண்ணைப் பற்றியும், குறைந்துபோன எண்ணை மந்திரத்தால் மீட்கும் வகை பற்றியும் இன்று உங்களுடன் சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நேயர்களே, முதலில் இவ்விளையாட்டு இன்னதென்று கூறிவிடுதல் நலம். 1974ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, ஒரு பெட்டியுள் மூன்று சிறு நூல்களாக வெளிவந்த விளையாட்டொன்று உண்டு. அதன் பெயர் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதாகும். நிலவறைகளும் பறவைநாகங்களும் என்று அதனைத் தமிழிலே சொல்லலாம். அதனை ஆக்கியோர் இருவர்: காரி கைகக்ஸ் ஒருவர், டேவ் ஆர்னெசன் மற்றவர். சதுரங்கத்திலே போல எதிரியை வென்று ஆட்டத்தை முடிப்பது இங்கே நோக்கமன்று. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, குருவாகவோ தம்மைப் பாவித்துக்கொள்வர். நடுவராக ஒருவர் அமர்ந்து, பாழடைந்த கோட்டையையும், அதன் கீழுள்ள இருண்ட அறைகளையும், அங்கு உறையும் பூதங்களையும் சொல்லாலே தீட்டிக் காட்டுவர். ‘கதவைத் திறக்கின்றேன்’ என்பார் ஒருவர்; ‘விளக்கை உயர்த்திப் பிடிக்கின்றேன்’ என்பார் மற்றொருவர். முடிவு ஐயத்துக்கு உரியதாகும்போது பகடை உருளும். நான்கு முகம், ஆறு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் எனப் பலவகைப் பகடைகள் இதற்கு உண்டு.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் இருக்கும். அதிலே வலிமை, அறிவு முதலிய பண்புகளோடு வேறோர் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலத்திலே அதனை ‘ஹிற் பொயின்ற்’ என்பர். எத்துணை அடியைத் தாங்கலாம் என்பதைக் காட்டும் புள்ளி அது. நாம் இப்பேச்சிலே அதனை உயிர்ப்புள்ளி என்று வழங்குவோம். எதிரியின் வாள் பட்டால் பகடை உருட்டி, வரும் தொகையை அவ்வெண்ணிலிருந்து கழிப்பர். எண் பூச்சியத்தை எட்டினால் வீரன் வீழ்வான். இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆடும் விளையாட்டுகளிலே வீரனின் தலைக்கு மேலே ஒரு கோடு குறுகிக்கொண்டே போவதைக் காண்கின்றோம் அல்லவா? அக்கோடும் இந்தப் புள்ளியின் வழித்தோன்றலே. 1970களின் நடுப்பகுதியிலே அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளில் மாணவர் இவ்விளையாட்டைப் பார்த்து ஆக்கிய நிகழ்ச்சிகளில் அது புகுந்தது; பின்னர் யப்பானிய விளையாட்டுகளின் வழியாகவும் உலகெங்கும் பரவிற்று.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வோமாயின், அதன் வேர் போர்ப்பயிற்சியில் இருப்பதைக் காணலாம். 1824ஆம் ஆண்டிலே பிரஷ்ய நாட்டுப் படையதிகாரியான ரைஸ்விற்ஸ் என்பார், நிலப்படத்தின்மீது கட்டைகளை வைத்துப் பகடையுருட்டிப் போரை ஒத்திகை பார்க்கும் முறையொன்றை வெளியிட்டார். படைப்பிரிவுகளின் இழப்பை எண்ணாற் கணக்கிடும் வழக்கம் அப்பொழுதே உண்டு. அங்கே எண் குறித்தது ஒரு மனிதனின் உயிரையன்று. ஒரு படைப்பிரிவின் வலுவை. நூறு பேர் கொண்ட பிரிவில் இருபது பேர் மாண்டால் எஞ்சியது எண்பது. இக்கணக்கிலே மயக்கம் எதுவும் இல்லை.

1971இலே கைகக்ஸ், ஜெவ் பெரென் என்பாருடன் சேர்ந்து, இடைக்காலப் போரைச் சிற்றுருவங்களால் ஆடும் ‘செயின்மெயில்’ என்னும் விதிநூலை வெளியிட்டார். அதிலே சாதாரணப் போர்வீரன் ஒருவனுக்கு ஓர் அடி போதும். அடி பட்டால் அவன் களத்தினின்று அகற்றப்படுவான். பெருவீரன் என்பவன் நால்வருக்கு நிகரானவன். அவனை வீழ்த்த நான்கு அடிகள் ஒருங்கே பட வேண்டும். அதே காலத்தில் மினசோட்டா மாநிலத்திலே ஆர்னெசன் தம் நண்பர்களுடன் ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனை நாட்டை மேசைமேல் உருவாக்கி ஆடிவந்தார். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பாத்திரம். வாரந்தோறும் அதே பாத்திரம். அதற்கு ஒரு பெயர். அதற்கெனச் சேர்த்த பொருள். அதற்கெனத் தேடிய பகை. இவ்வாறு வளர்த்தெடுத்த ஒருவனை ஒரே அடியில் இழப்பதை ஆட்டக்காரர் விரும்பவில்லை. எனவே, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து இரும்புக்கவசக் கப்பல்களைப் பற்றித் தாம் முன்னர் எழுதியிருந்த விளையாட்டு விதிகளிலிருந்து இந்த எண்முறையை எடுத்துக்கொண்டதாக ஆர்னெசன் பிற்காலத்தில் கூறினார்.

இச்செய்தியைச் சற்று நின்று நோக்குதல் தகும். கப்பலொன்று குண்டடி பட்டால் ஓட்டை விழும், நீர் புகும், ஆயினும் அது மிதக்கும். பத்துக் குண்டு தாங்கும் கப்பலும் உண்டு. இருபது தாங்குவதும் உண்டு. கப்பலுக்குப் பொருந்திய அக்கணக்கு மனிதனுக்கு மாற்றப்பட்டது. மனித உடம்போ கப்பல் போன்றதன்று. ஒரு முள் ஏறிச் சீழ் வைத்து இறப்பாரும் உளர். பல வெட்டுகள் பட்டும் பிழைத்து முதுமை எய்துவாரும் உளர். ஆகவே, இந்த எண் உடம்பின் உண்மையைச் சொல்வதற்காக ஏற்பட்டதன்று என்பது தொடக்கத்திலேயே தெளிவாகின்றது. வளர்த்த பாத்திரத்தை இழக்க மனமில்லாத ஆட்டக்காரரின் பற்றுக்கு விதிநூல் செய்துகொடுத்த ஏற்பாடு அது.

இந்த ஏற்பாட்டினால் விளைந்த நன்மை யாது? காலம் கிடைத்தது. ஓரடியில் மாள்பவனுக்குச் சிந்திப்பதற்கு இடமில்லை. இருபது புள்ளியுள்ளவன் முதலடியில் ஆறு புள்ளியை இழக்கின்றான், இரண்டாம் அடியில் ஐந்தை இழக்கின்றான், எஞ்சியது ஒன்பது. இப்பொழுது அவன் முன்னே ஒரு வினா எழுகின்றது. மேலும் நிற்பதா, பின்வாங்குவதா? தோழனை விட்டு ஓடுவதா? கையிலுள்ள பொன்னை எறிந்து எதிரியைத் திசைதிருப்புவதா? வீழ்ச்சி கண்முன்னே தெரிகின்றது. அது வருமுன்னே செய்யக்கூடிய செயலும் தெரிகின்றது. இந்த இடைவெளியிலேதான் வீரம் என்பது ஒரு தேர்வாகின்றது. தப்பிச்செல்ல வழியிருந்தும் நிற்பவனுடைய நிலைபேறே வீரம் எனப்படும். வழியே இல்லாதவன் நிற்பதிலே தேர்வு ஏது? உயிர்ப்புள்ளி என்பது கதை தன் மாந்தருக்குக் கொடுக்கும் அவகாசம் என்று கொள்வோமாயின், அதன் இயல்பைப் பெரும்பாலும் அறிந்தவராவோம்.

ஆனால், சிக்கலும் இங்கேயே தொடங்குகின்றது. இவ்விளையாட்டிலே பாத்திரங்கள் அனுபவத்தினாலே படிப்படியாக உயர்வன. படி உயர உயிர்ப்புள்ளியும் உயரும். 1978இலும் 1979இலும் கைகக்ஸ் விரிவாக எழுதி வெளியிட்ட இரண்டாம் வரிசை நூல்களிலே, போர்வீரன் ஒன்பதாம் படிவரை ஒவ்வொரு படிக்கும் ஒரு பத்துமுகப் பகடையை உருட்டிப் புள்ளி சேர்ப்பான். பத்தாம் படியை அடைந்த வீரனுக்கு 55 புள்ளிகள் இருக்கக்கூடும். சாதாரணக் குடியானவனுக்கோ நாலைந்து புள்ளிகளே. அப்படியாயின், குடியானவனை மாய்க்கும் வாள்வெட்டுகள் பத்துப் பட்டாலும் அவ்வீரன் நிற்பான் என்றாகின்றது. அவன் உடம்பு கல்லா? இரும்பா?

இவ்வையத்தைக் கைகக்ஸே எழுப்பி விடையும் கூறினார். உடலுறுதியால் பெறும் மிகைப்புள்ளிகளும் சேர்ந்த அத்தகைய வீரனின் புள்ளிகள் நான்கு பெரிய போர்க்குதிரைகளைக் கொல்வதற்கு வேண்டிய அளவாகும்; ஒரு மனிதன் அவ்வளவு சேதத்தைத் தாங்குவான் என்று எண்ணுவது நகைப்புக்குரியது என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் தந்த விளக்கம் இது: புள்ளிகளிலே ஒரு சிறு பகுதியே உடம்பின் தாங்குதிறன். எஞ்சியவை போர்த்திறமை, ஆபத்தை முன்னுணரும் ஆற்றல், நல்லூழ், தெய்வத்தின் காப்பு ஆகியன. புதியவன் ஒருவனின் மார்பைப் பிளக்கும் குத்து, பழகிய வீரன்மீது கீறலாகவே முடிகின்றது. கடைசிக் கணத்தில் அவன் சற்றே விலகிக்கொள்கின்றான். அவன் இழந்தது இரத்தத்தையன்று. அதிர்ஷ்டத்தின் ஒரு பகுதியை. புள்ளிகள் யாவும் தீர்ந்த பின்னர் வரும் அடியே உண்மையில் உடம்பிற் புகும் அடி.

இவ்விளக்கம் அழகானது, அறிவுக்கும் ஏற்றது. ஆயினும் அதே நூல்களிலுள்ள வேறு விதிகள் இதனோடு இசையவில்லை. உயரத்திலிருந்து விழுபவன் பத்து அடிக்கு ஓர் அறுமுகப் பகடை வீதம், மிகுதியாக இருபது பகடை வரை புள்ளியிழப்பான் என்பது ஒரு விதி. இருபது பகடையின் சராசரி 70. உடலுறுதி மிக்க பத்தாம் படி வீரனுக்கு 95 புள்ளிகள் இருக்கக்கூடும் என்பதும் அந்நூலின் கணக்கே. அவன் 200 அடி உயரப் பாறையினின்று குதித்தாலும் பெரும்பாலும் எழுந்து நடந்து செல்வான்! கீழே காத்திருக்கும் பாறையைத் திறமையால் எவ்வாறு விலக்குவது? மாறாக, கொடிய நச்சுப்பாம்பு தீண்டினால், 95 புள்ளி உடையவனும் ஒரே பகடை வீச்சிலே மாளலாம். அங்கே புள்ளிகள் உதவா. இவ்வாறு, ஓரிடத்தில் உடம்பாகவும், மற்றோரிடத்தில் ஊழாகவும் நிற்கின்றது இந்த எண்.

இனி மருத்துவத்துக்கு வருவோம். இவ்வெண்ணின் பொருள் யாது என்னும் வினா முற்றிக் கனிவது இங்கேதான்.

1974ஆம் ஆண்டின் விதிப்படி, காயமுற்றவன் ஓய்வெடுத்தால் முதல் நாளில் எதுவும் மீளாது. அதன் பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒவ்வொரு புள்ளியாக மீளும். பத்துப் புள்ளியை மீட்க ஏறத்தாழ மூன்று வாரம் செல்லும். இருண்ட நிலவறையின் நடுவிலே மூன்று வாரம் படுத்திருப்பது யார்க்கு இயலும்? ஆகவே குரு வந்தார். கவசம் பூண்டு, கூரிய ஆயுதத்தைத் தொடாது, தண்டாயுதம் ஏந்தித் தோழருடன் செல்பவர் அவர். ஆர்னெசனின் ஆட்டத்திலே ஒருவர் இரத்தக்காட்டேரிப் பாத்திரம் ஏற்று மற்றவரை அலைக்கழித்தபோது, அதனை எதிர்ப்பதற்கென அமைக்கப்பட்டதே குருவின் முதல் வடிவம் என்பர். பின்னர் அவருடைய பெருங்கடமை காயமாற்றுதல் என்றாயிற்று. ‘சிறு காயம் ஆற்றல்’ என்று பொருள்படும் அவருடைய மந்திரம், 1974இலே ஓர் அறுமுகப் பகடையோடு ஒன்று கூட்டிய தொகையை, அதாவது இரண்டு முதல் ஏழு வரையான புள்ளிகளை மீட்டது. 1978இலே அது ஒன்று முதல் எட்டு வரை என மாறிற்று.

இப்பொழுது ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். குருவின் முன்னே இருவர் கிடக்கின்றனர். ஒருவன் ஐந்து புள்ளியே உடைய குடியானவன். நான்கை இழந்து உயிர் ஊசலாடக் கிடக்கின்றான். மற்றவன் 55 புள்ளி உடைய பெருவீரன், ஐம்பதை இழந்திருக்கின்றான். குரு இருவர்மீதும் ஒரே மந்திரத்தைச் செபிக்கின்றார். இருவர்க்கும் பகடையில் நான்கு விழுகின்றது. குடியானவன் நோய் நீங்கி எழுந்து ஏர்பிடிக்கச் செல்கின்றான். பெருவீரனோ இன்னும் 46 புள்ளி குறைந்தவனாகவே கிடக்கின்றான். பெருவீரன் இழந்தது பெரும்பாலும் ஊழும் திறமையுமே, உடம்பில் இருப்பவை கீறல்களே என்று விதிநூல் சொல்லிற்று. அப்படியாயின், சாகக் கிடந்தவனின் ஆழ்ந்த புண்ணை மூடிய மந்திரம், கீறல்கள் மட்டும் பட்டவனிடத்திலே ஏன் தோற்றது? அது ஆற்றியது எதனை? தசையையா? தளர்ந்த உள்ளத்தையா? விலகிப்போன அதிர்ஷ்டத்தையா? ஊழே குறைந்ததாயின், ‘காயம் ஆற்றல்’ என்ற பெயர் எதற்கு? விதிநூல் தன் ஒரு பக்கத்தில் கூறியதை மறுபக்கத்தில் மறந்தது எனலாம்.

இதனைச் சிலர் வெறும் கணக்குப் பிழை என்று தள்ளுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மனிதர்க்குள்ள பழைய மயக்கம் ஒன்று இதிலே வெளிப்படுகின்றது. நோயாளிக்குத் தேறுதல் சொல்லும்போது நாம் அவனுடைய உடம்பைத் தேற்றுகின்றோமா, உள்ளத்தைத் தேற்றுகின்றோமா? தேறினான் என்ற ஒரு சொல்லாலே இரண்டையும் குறிக்கின்றோம் அல்லவா? மருந்தால் ஆவது இவ்வளவு, மனத்தால் ஆவது இவ்வளவு என்று பிரித்து அளக்கும் துலாக்கோல் நம்மிடத்தில் இல்லை. விதிநூல் எழுதியவர் கையிலும் அது இருக்கவில்லை.

குருவாக ஆடுபவரின் நிலை தனித்து நோக்கத்தக்கது. அவருடைய மந்திரங்கள் நாளொன்றுக்கு இத்தனை என அளவுபட்டவை. முதற்பதிப்பிலே முதற்படிக் குருவுக்கு ஒரு மந்திரமும் இல்லை. இரண்டாம் படியில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை யாருக்குச் செபிப்பது? முன்னணியில் நின்று எல்லோரையும் காக்கும் வீரனுக்கா? கதவின் பூட்டைத் திறக்கவல்ல ஒரே ஒருவனுக்கா? நேற்றுத் தம்மைக் காப்பாற்றிய நண்பனுக்கா? அன்றித் தமக்கே வைத்துக்கொள்வதா? மேசையைச் சுற்றியிருப்போர் அனைவரும் அவர் முகத்தையே நோக்குவர். இவ்விளையாட்டிலே வாளேந்துபவனுக்குப் புகழ் உண்டு; காயமாற்றுபவருக்கு நன்றி மட்டுமே உண்டு; அதுவும் எப்போதும் கிடைப்பதில்லை. ஆயினும், ஈகையின் உண்மையான சோதனை அவர் கையிலேதான் நிகழ்கின்றது. கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வத்திலிருந்து கொடுப்பதிலே பெருமை ஏது? ஒன்றே உள்ளபோது அதனைக் கொடுப்பதன்றோ கொடை!

இறப்பும் அக்காலத்திலே விலையுடையதாக இருந்தது. 1979இன் நூலிலே பூச்சியத்தில் வீழ்ந்தவன் சுற்றுக்கொரு புள்ளியாக மேலும் இழந்து, பூச்சியத்துக்குக் கீழே பத்தை எட்டும்போது மாள்வான். அதற்குள் தோழர் ஓடிவந்து கட்டுப்போட வேண்டும். இறந்தவரை எழுப்பும் மந்திரமும் உயர்படிக் குருவிடம் இருந்தது. ஆயின் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தொடக்கத்தில் இருந்த உடலுறுதியின் எண்ணிக்கைக்கு மேல் எவரும் எழுப்பப்படார். சஞ்சீவி மருந்தும் இங்கே கணக்கோடுதான் வேலை செய்தது.

காலம் செல்லச் செல்ல மருத்துவம் மலிந்தது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலே, சிறு காயம் ஆற்றும் மந்திரத்தை ஐம்பது முறைக்கு அடக்கிய கோலொன்றை 750 பொற்காசுக்கு வாங்கலாம். வளர்ந்த வீரர்களுக்கு அது சிறு தொகை. ஒவ்வொரு போரின் முடிவிலும் கோலை அசைத்து அசைத்து எல்லோரும் முழு நலம் பெற்று அடுத்த அறைக்குச் சென்றனர். அங்கே காயம் என்பது கடைச்சரக்கின் செலவுக் கணக்காயிற்று. எவரும் அஞ்சவில்லை, எவரும் எவரையும் தேற்றவுமில்லை.

2008இலே வெளிவந்த நான்காம் பதிப்பு வேறொரு வழியை நாடிற்று. ஒவ்வொரு பாத்திரத்தின் உள்ளும் மீண்டெழும் ஆற்றல் ஒரு நாளைக்கு இத்தனை முறை என வைக்கப்பட்டது. ஒரு முறை எழுந்தால் முழுப் புள்ளியிலே காற்பங்கு மீளும். குருவின் மந்திரம் பெரும்பாலும் அவ்வாற்றலைத் தூண்டிவிடுவதாகவே அமைந்தது. ஆற்றல் தீர்ந்தவனுக்கு மந்திரமும் பெரும்பாலும் பயன்படாது. மருத்துவன் கொடுப்பதன்று நலம், நோயாளியின் உள்ளிருந்து எழுவதே நலம் என்னும் கருத்து இதிலே பொதிந்துள்ளது. பெருவீரனுக்கும் எளியவனுக்கும் அவரவர் அளவிலே காற்பங்கு என்றதால், முன்னர்க் கண்ட முரணும் தீர்ந்தது. அப்பதிப்பிலே மந்திரம் அறியாத படைத்தலைவன் ஒருவனும் உண்டு. அவன் ஊக்கச் சொல் ஒன்று உரைத்தாலே வீழ்ந்தவன் புள்ளி பெற்று எழுவான். இது பெரும் பூசலை விளைத்தது. ‘சொல்லாலே வெட்டுக்காயம் மூடுமா?’ என்று வினவினர் ஒரு சாரார். ‘புள்ளி என்பது ஊக்கமும் ஊழுமாயின், ஊக்கச் சொல் அதனை மீட்பதிலே தவறென்ன?’ என்றனர் மறுசாரார். முப்பது ஆண்டுகளாய் உறங்கிக்கிடந்த முரண் விழித்துக்கொண்டது எனலாம். காலத்தின் போக்கைப் பாருங்கள்: அப்பதிப்பு வெளிவந்த 2008ஆம் ஆண்டிலேயே கைகக்ஸ் மறைந்தார், மறு ஆண்டில் ஆர்னெசனும் மறைந்தார்.

2014இன் ஐந்தாம் பதிப்பிலே ஓர் இரவு நீண்ட ஓய்வு எடுத்தால் எல்லாப் புள்ளிகளும் மீளும். வீழ்ந்தவன் தன் முறை வரும்போதெல்லாம் இருபதுமுகப் பகடையை உருட்டுவான். மூன்று வெற்றி வந்தால் உயிர் நிலைபெறும், மூன்று தோல்வி வந்தால் முடிவு. தூரத்திலிருந்தே சொல்லத்தக்க சிறு மந்திரமொன்றினால் ஒரு புள்ளி கிடைத்தாலும் அவன் எழுந்து முழு வலுவோடு போரிடலாம். ஒரு புள்ளியுள்ளவனும் அறுபது புள்ளியுள்ளவனும் வாள் வீசும் வலிமையிலே ஒருவரே. இதன் பயனாக, தோழன் வீழும்வரை காத்திருந்து, வீழ்ந்த பின்னரே மந்திரம் சொல்வது சிக்கனம் என்று ஆட்டக்காரர் கண்டுகொண்டனர். வீழ்வதும் எழுவதுமாக ஒருவனே ஒரு போரில் மூன்று நான்கு முறை ஆடுவதும் உண்டு. 2024இன் திருத்தத்திலே காயமாற்றும் மந்திரத்துக்கு இரண்டு எண்முகப் பகடைகள் கொடுக்கப்பட்டதனால், வீழுமுன்னே தேற்றுவதற்கும் சற்றுப் பயன் ஏற்பட்டது.

பிற ஆசிரியர் சிலர் வேறு வழிகளில் சென்றனர். 1977இலே வந்த ‘டிரவலர்’ என்னும் விண்வெளி விளையாட்டிலே தனிப் புள்ளியே இல்லை. அடி பட்டால் வலிமையும் சுறுசுறுப்பும் தாங்குதிறனுமே குறையும். காயமுற்றவன் காயமுற்றவனாகவே நடமாடுவான். 1978இன் ‘ரூன்குவெஸ்ட்’ விளையாட்டிலே புள்ளி உடலுறுதியையும் உடம்பின் பருமனையும் பொறுத்தது. அனுபவத்தால் மலைபோல வளராது. தலை, மார்பு, கை, கால் என அடி விழும் இடமும் குறிக்கப்படும். அங்கே தேர்ந்த வீரனைக் காப்பது அவனுடைய கேடயத் திறமையே. 1981இன் ‘கோல் ஒவ் கதுலூ’ என்னும் அச்சக்கதை விளையாட்டோ உடம்புக்கு ஓர் எண்ணும், மனத்தெளிவுக்கு வேறோர் எண்ணுமாக இரண்டையும் பிரித்து வைத்தது. பிரித்துக் காட்டிய அந்நூல்களிலே தெளிவு மிகுதி. ஆயினும், எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்கிய முதல் விளையாட்டே உலகில் மிகுதியாக ஆடப்படுவதாயிற்று. ஒரு பார்வையில் நிலைமை விளங்கும் எளிமை அதற்கு ஒரு காரணம்.

அப்படியாயின், இவற்றுள் எது சரி? உடம்பின் உண்மைக்கு எது நெருங்கியது என்று தேடினால் விடை கிடைக்காது. பறவைநாகம் உலவும் நாட்டிலே உடற்கூற்று நூலைத் தேடுவது போலாகும். கேட்கவேண்டிய வினா வேறு. ஒரு காயத்தின் விலை என்ன என்பதே அது. விலை மிக அதிகமாயின், எவரும் கதவைத் திறக்கத் துணியார். கதை வாசலிலேயே நின்றுவிடும். விலையே இல்லையாயின், துணிவுக்குப் பொருளில்லை. தோழனைத் தாங்கிப் பிடிப்பதற்கும் பொருளில்லை. காயமாற்றுபவரின் அருமை காயத்தின் விலையையே பொறுத்தது. இதனை உணர்ந்தே போலும், 2014இன் நடுவர் நூலிலும் ஒரு மாற்று வழி தரப்பட்டது. விரும்புவோர் குறுகிய ஓய்வை ஓரிரவாகவும், நீண்ட ஓய்வை ஏழு நாளாகவும் ஆக்கிக்கொள்ளலாம். அவ்வாறு ஆடும் மேசையிலே ஆட்டக்காரர் போருக்கு முன்னரே பேசிப் பார்ப்பர். எதிரியோடு இணக்கம் தேடுவர். ஊருக்குத் திரும்பிக் காயம் ஆறும்வரை காத்திருப்பர். ஓய்வின் நீளத்தை மாற்றிய அளவிலே மாந்தரின் நடத்தையும் மாறுகின்றது.

என்னுடைய கருத்தைக் கேட்பீராயின், ஆறாத வடு ஒன்றேனும் எஞ்சும் ஆட்டமே நல்ல ஆட்டம் என்பேன். புள்ளிகள் முழுதும் மீளட்டும். ஆனால் யார் எப்பொழுது எவருக்காகத் தம் கடைசி மந்திரத்தைச் செலவிட்டார் என்பது மேசையிலுள்ளோர் நினைவிலே நிற்கட்டும். அந்த நினைவு எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. எந்தப் பகடையும் அதனை அளப்பதில்லை. ஆண்டுகள் பல கழிந்த பின்னர் அந்நண்பர்கள் கூடும்போது, ‘எனக்கு அன்று எத்தனை புள்ளி எஞ்சியிருந்தது’ என்று எவரும் பேசிக்கொள்வதில்லை. ‘நீ அன்று எனக்காகத் திரும்பி வந்தாய்’ என்றே பேசிக்கொள்வர். எண் மறைந்துவிடுகின்றது, அந்த எண் கொடுத்த அவகாசத்திலே ஒருவர் செய்த செயலே நிற்கின்றது.